பழைய பிரெஞ்சு ஃபயான்ஸ் தட்டு வாங்குகிறீர்களா? முதலில் திருப்பிப் பாருங்கள்

என் முதல் பழைய பிரெஞ்சு ஃபயான்ஸ் தட்டு, அதாவது வெள்ளைப் பூச்சு கொடுத்துச் சுட்ட மண் தட்டு, ஏலத்தில் 120 யூரோவுக்கு விழுந்தது. வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் 195 யூரோ 92 சென்ட் ஆகிவிட்டது. பெட்டியைப் பிரித்து, காகிதக் கசங்கலை எல்லாம் உதறி எடுத்துப் பார்த்தால், அது ஃபயான்ஸுக்குப் பெயர்போன மூஸ்தியே ஊர்த் தட்டும் இல்லை, 18ஆம் நூற்றாண்டும் இல்லை, விளிம்பிலிருந்து நடுவரை ஒரு மயிரிழை விரிசல் வேறு. யாரும் என்னை ஏமாற்றவில்லை என்பதுதான் இதில் பெரிய எரிச்சல். எல்லாமே ஏல விவரத்தில் பிரெஞ்சில் ஒரே வரியில் எழுதியிருந்தது, எனக்குப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு பாரிஸ் சுற்றுவட்டாரத்தில் தெருச் சந்தை, ஏலக்கூடம் என்று நாலைந்து வருடம் அலைந்து கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். வரலாறு வேண்டுமென்றால் நூலகத்தில் நிறைய இருக்கிறது. இது காசு கொடுத்து வாங்கப் போகிறவர்களுக்கு.

1. எதை வாங்குகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

வெள்ளையாகப் பளபளவென்று இருக்கும் எல்லாவற்றையும் நாம் பீங்கான் என்று சொல்லிப் பழகிவிட்டோம். இங்கே அந்தச் சொல்லோடு சந்தைக்குப் போனால் குழப்பம்தான். மூன்று வகையைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

முதலாவது ஃபயான்ஸ். சாதாரண மண்ணில் செய்து, மேலே வெள்ளீயம் கலந்த கண்ணாடிப் பூச்சு கொடுத்துச் சுட்டது. அந்த வெள்ளைதான் உள்ளே இருக்கும் மண்ணின் நிறத்தை மறைக்கிறது. நெவேர், ரூவான், மூஸ்தியே, மார்செய், ஸ்திராஸ்பூர் ஆகிய ஊர்களின் 17, 18ஆம் நூற்றாண்டுத் தட்டுகள் இந்த வகை. இரண்டாவது ஃபயான்ஸ் ஃபின். மண்ணே வெள்ளையாக இருக்கும், மேல்பூச்சு நிறமில்லாதது. 19ஆம் நூற்றாண்டில் கிரெய், மோந்தரோ, சார்குமீன், ழியான் ஆலைகளில் படம் அச்சிட்டு ஆயிரக்கணக்கில் வந்தவை இவை. மூன்றாவது பார்போத்தீன். தண்ணீர்விட்டான் தண்டு, சிப்பி, இலை என்று புடைப்பாக வார்த்து, பளிச்சென்று வண்ணப் பூச்சு கொடுத்தது. பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியைச் சேர்ந்தவை.

எப்படிப் பிரிப்பது? விளிம்பில் சில்லு பெயர்ந்த இடத்தைத் தேடுங்கள். அங்கே மண் மஞ்சளாகவோ செம்மையாகவோ தெரிந்தால் ஃபயான்ஸ். வெள்ளையாக, சுண்ணாம்புக்கட்டி மாதிரி மங்கலாக இருந்தால் ஃபயான்ஸ் ஃபின். வெள்ளையாக, உடைந்த கண்ணாடி போல மினுங்கினால் அதுதான் உண்மையான பீங்கான். பீங்கான் தட்டைச் சூரியனுக்கு நேராகப் பிடித்தால் பின்னால் இருக்கும் விரல் நிழலாகத் தெரியும், ஃபயான்ஸில் தெரியவே தெரியாது.

2. எதிலிருந்து தொடங்குவது, எவ்வளவு ஒதுக்குவது

என் யோசனை, முதல் ஆறு மாதம் ஏலத்துக்கே போகாதீர்கள். நூறு யூரோவை எடுத்து வையுங்கள், அதை "அசியெத் பார்லான்த்" வாங்கச் செலவழியுங்கள். பேசும் தட்டுகள் என்று அர்த்தம். நடுவில் கேலிச் சித்திரமோ விடுகதையோ போர்க் காட்சியோ அச்சிட்டு, கீழே ஒரு வரி வசனம் இருக்கும். விருந்து முடிந்து பழமும் இனிப்பும் வரும்போது ஆளுக்கொரு தட்டு வைத்து, வசனத்தைப் படித்துச் சிரிப்பதற்காகச் செய்தது. தெருச் சந்தையில் ஒன்று ஐந்திலிருந்து பதினைந்து யூரோவுக்குக் கிடைக்கும். உடைந்தாலும் மனம் நோகாது, மண், பூச்சு, விரிசல் எல்லாவற்றையும் கைக்குப் பழக்க இதைவிட மலிவான பாடம் இல்லை.

இதிலும் ஒரு பொறி உண்டு. இவை வழக்கமாக 1 முதல் 12 வரை எண் போட்ட வரிசை. ஒன்பது தட்டு சேர்ந்ததும் மீதி மூன்றுக்காகப் பைத்தியம் பிடிக்கும், ஏழு யூரோத் தட்டுக்கு முப்பது கொடுக்கத் தயாராகிவிடுவீர்கள். விற்கிறவருக்கு உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். கையில் பட்டியல் தாளை விரித்து வைத்துக்கொண்டு கடை முன்னால் நிற்காதீர்கள்.

கை பழகிய பிறகு 18ஆம் நூற்றாண்டுக்குப் போகலாம். நிறையப் பேர் பயப்படுகிற அளவு விலை இல்லை. அடுத்த தலைமுறைக்கு இவற்றை வைக்க இடமும் இல்லை, ஆசையும் இல்லை. அதனால் நெவேர் அல்லது கிழக்குப் பிரான்சின் எளிய பூத் தட்டு, விளிம்பில் சில்லுகளோடு, ஐம்பது நூறு யூரோவுக்குள் எனக்குப் பல முறை கிடைத்திருக்கிறது. மூடியோடு கூடிய சூப் பாத்திரம், தேதி எழுதியது, பெரிய ஆலையின் கையொப்பம் உள்ளது என்றால் கதை வேறு. அங்கேதான் விலையும் ஏறும், போலியும் வரும்.

3. எங்கே, எந்த நேரத்தில்

வீத் கிரெனியே என்பது ஊரார் தங்கள் வீட்டுப் பழைய சாமானைத் தெருவில் பரப்பி விற்கும் நாள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஞாயிறுதோறும் ஏதாவது ஒரு ஊரில் நடக்கும், புரோகாபிராக் என்ற இணையதளத்தில் மாவட்டவாரியாகப் பட்டியல் இருக்கும். காலை ஏழு மணிக்குப் போங்கள். எட்டரைக்கு மேல் போனால் கடைக்காரர்களே வந்து நல்லதைப் பொறுக்கிக்கொண்டு போயிருப்பார்கள். இல்லையென்றால் மாலை நான்கரைக்குப் போங்கள், திரும்ப வண்டியில் ஏற்றச் சோம்பல்பட்டு பாதி விலைக்குத் தருவார்கள். நடுப்பகலில் போவது வேஸ்ட். சில்லறையாக இருபது யூரோ வரை ஐந்தும் பத்துமாக வைத்திருங்கள். "செ வோத்ர் மெய்யர் ப்ரி?" என்று கேட்டால் போதும், இதுதான் கடைசி விலையா என்று அர்த்தம். இங்கே ரசீது கிடைக்காது, திருப்பியும் கொடுக்க முடியாது.

பாரிஸில் தொழில்முறைக் கடைக்காரர்கள் என்றால் போர்த் த வான்வ் சந்தை, சனி ஞாயிறு காலை மட்டும். சென்தூவான் பெரிய சந்தை சனி, ஞாயிறு, திங்கள். விலை அதிகம், ஆனால் ரசீது எழுதிக் கேட்கலாம். தெற்கே போகிறவர்கள் லீல் சூர் லா சோர்க் ஊருக்கு ஞாயிற்றுக்கிழமை போங்கள், ஈஸ்டருக்கும் ஆகஸ்ட் 15ஐ ஒட்டியும் பெரிய பழம்பொருள் சந்தை கூடும்.

ஏலத்துக்கு ஓத்தெல் துருவோ என்ற ஏலக்கூடம், பாரிஸ் 9ஆம் வட்டாரம், மெத்ரோ ரிஷ்லியூ துருவோ. உள்ளே போகக் காசு இல்லை, யாரும் ஏன் வந்தாய் என்று கேட்கமாட்டார்கள். வழக்கமாக ஏலத்துக்கு முந்தின நாள் சாமானைப் பார்வைக்கு வைப்பார்கள், அன்றைக்குப் போய்க் கண்ணாடிப் பெட்டியைத் திறக்கச் சொல்லித் தட்டைக் கையில் வாங்கிப் பார்க்கலாம். நான் இதைச் செய்ய ஒரு வருடம் கூச்சப்பட்டேன். தேவையே இல்லாத கூச்சம்.

வாங்குவதற்கு முன் ஒரு நாள் ரூவான் நகரத்து மட்கல அருங்காட்சியகத்துக்குப் போய்வாருங்கள். பாரிஸ் சென் லாசார் நிலையத்திலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம், நிரந்தரச் சேகரிப்பைப் பார்க்க இலவசம். அசல் நீலம் எப்படி இருக்கும் என்று கண்ணில் ஏற்றிக்கொண்டுவிட்டால் சந்தையில் பாதிப் போலி தூரத்திலிருந்தே உறுத்தும்.

4. கையில் எடுத்ததும் செய்ய வேண்டியவை

முன்பக்கத்துப் பூவைப் பார்த்து மயங்காதீர்கள். முதல் வேலை, திருப்புங்கள்.

வீட்டுக்குப் பானை வாங்கும்போது விரல் கணுவால் தட்டிப் பார்த்துத்தானே வாங்குவோம், அதே வேலைதான் இங்கேயும். தட்டை ஐந்து விரல் நுனியில் ஏந்தி, மறு கை விரலால் விளிம்பில் சுண்டுங்கள். ஃபயான்ஸ் கண்ணாடி மாதிரி ரீங்கரிக்காது, ஆனால் முழுசாக இருந்தால் ஒரு தெளிவான ஓசை வரும். விரிசல் இருந்தால் டொக்கென்று செத்த ஓசை. சுற்றி நாலு இடத்தில் சுண்டுங்கள். விற்கிறவர் முகம் சுளித்தால் அதுவும் ஒரு தகவல்.

அடுத்து விளிம்பின் அடிப்பக்கத்தில் மூன்று சின்னப் புள்ளி வடுக்களைத் தேடுங்கள். சூளைக்குள் ஒன்றின் மேல் ஒன்று ஒட்டாமல் இருக்கத் தட்டுகளை மூன்று மண் முளைகள் மேல் நிறுத்திச் சுட்டார்கள், முளை தொட்ட இடத்தில் பூச்சு ஒட்டியிருக்காது. பழைய தட்டில் அந்த வடு அழுக்கேறிப் பழுப்பாக இருக்கும். வடு இருப்பதால் மட்டும் பழசு என்று ஆகிவிடாது, போலி செய்கிறவனுக்கும் இது தெரியும். ஆனால் ஒரு வடுவும் இல்லாமல் அடிப்பாகம் வழவழவென்று ஒரே சீராக இருந்தால் நான் கீழே வைத்துவிடுவேன்.

விளிம்புச் சில்லுகளைப் பாருங்கள். இருநூறு வருடம் அடுக்கி எடுத்த தட்டில் அவை இல்லாமல் இருக்காது, இருக்கவும் வேண்டும். பழைய சில்லின் ஓரம் கைபட்டு மழுங்கி, உள்ளே மண் கறுத்திருக்கும். அரம் போட்டு உண்டாக்கியது புத்தம்புதிதாக, நகத்தில் குத்தும். முன்பக்கத்தில் கத்திக் கீறல் கன்னாபின்னாவென்று எல்லாத் திசையிலும் ஓடியிருந்தால் நல்லது. ஒரே திசையில் சீராக ஓடினால் அது உப்புத்தாளின் வேலை.

பிறகு நிறம். இது கொஞ்சம் நுணுக்கம், ஆனால் என்னை இரண்டு முறை காப்பாற்றியது. பழைய முறையில் வெள்ளைப் பூச்சு சுடப்படும் முன்பே அதன் மேல் வண்ணம் தீட்டி, ஏறத்தாழ 900 டிகிரிக்கு மேல் ஒன்றாகச் சுடுவார்கள். அந்தச் சூட்டைத் தாங்கும் நிறங்கள் ஐந்துதான்: கோபால்ட் நீலம், செம்புப் பச்சை, ஆன்டிமனி மஞ்சள், மாங்கனீசு ஊதா, இரும்புச் சிவப்பு. ரோஜா நிறமும் அதன் சாயல்களும் வேண்டுமென்றால் சுட்ட பூச்சின் மேல் தீட்டி, இன்னொரு முறை குறைந்த சூட்டில் சுட வேண்டும். பிரான்சில் ஸ்திராஸ்பூர் நகரத்து போல் அனோங் ஆலைதான் 1740களின் கடைசியில் இதைப் பெரிய அளவில் கொண்டுவந்தது. எனவே "ரூவான், 1720" என்று சொல்லி நீட்டுகிற தட்டில் பளிச்சென்று ரோஜா நிறத்தில் பூ இருந்தால், நன்றி சொல்லிவிட்டு நகருங்கள்.

கடைசியாக ஒட்டுவேலை. பத்து இருபது யூரோவுக்குப் புற ஊதா டார்ச் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இருட்டு மூலையில் அடித்தால் பசையும் மறுபூச்சும் தனித் திட்டாகத் தெரியும். சில புதிய பசைகள் இதற்கும் பிடிபடாது. அதற்கு என் வழி, கன்னத்தில் வைத்துப் பார்ப்பது. கண்ணாடிப் பூச்சு சில்லென்று இருக்கும், மேலே அடித்த பெயின்ட் வெதுவெதுப்பாக, கொஞ்சம் பிசுபிசுப்பாக இருக்கும். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், இருக்கட்டும்.

பின்பக்கத்தில் தையல் போட்ட மாதிரி உலோகக் கொக்கிகள் வரிசையாக இருந்தால் பயப்படாதீர்கள். உடைந்த தட்டைத் துளையிட்டுக் கம்பியால் இணைக்கும் பழைய பழுதுவேலை அது. விலை பாதிக்குக் கீழே போகும், எனக்கு அப்படிப்பட்ட தட்டுகள்தான் பிடிக்கும். யாரோ ஒருத்தர் தூக்கிப் போட மனமில்லாமல் காசு கொடுத்துத் தைத்து வைத்திருக்கிறார் அல்லவா.

5. முத்திரையை நம்பி வாங்காதீர்கள்

புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் திருப்பியதும் எழுத்தைத்தான் தேடுகிறார்கள். நானும் அப்படித்தான். தட்டிலேயே போலி செய்ய மிகச் சுலபமானது அந்த எழுத்துதான், தூரிகையால் இரண்டு இழுப்பு. மார்செய் நகரத்து வெவ் பெரான் ஆலையின் வி.பி. கூட்டெழுத்தும், மூஸ்தியேயின் ஒலெரி, லோழியே இருவரின் ஓ.எல். கூட்டெழுத்தும் அளவுக்கு மீறி நகலெடுக்கப்பட்டவை. 18ஆம் நூற்றாண்டுத் தட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு முத்திரையே கிடையாது. எழுத்து இல்லாத தட்டு சந்தேகத்துக்குரியது என்று நினைப்பதுதான் முதல் தவறு.

புரட்சிக் காலத்து நெவேர் தட்டுகள் இன்னும் மோசம். 1789ஐ ஒட்டி "தேசம் வாழ்க" என்று எழுதி, சேவல், கொடி, மதகுருவின் சிலுவை எல்லாம் வரைந்தவை. ஷாம்ஃப்ளூரி என்ற எழுத்தாளர் இவற்றைத் தேடிச் சேர்த்து 1867ல் ஒரு நூலே எழுதினார். கேட்க ஆள் வந்துவிட்டால் செய்ய ஆள் வராமலா இருப்பான்? தேதியும் முழக்கமும் உள்ள தட்டை ரசீது இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும். பாரிஸின் சாம்சோன் பட்டறை 19ஆம் நூற்றாண்டில் பழைய ஆலைகளின் சரக்கை எல்லாம் நகலெடுத்துத் தள்ளியது. இப்போது அந்த நகலுக்கே தனிச் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

19ஆம் நூற்றாண்டு ஆலைச் சரக்கில் மட்டும் முத்திரை உண்மையாகவே உதவும். எனக்கு அடிக்கடி பயன்பட்டவை இவை. "பிரான்ஸ்" என்ற சொல் முத்திரையில் இருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது, அமெரிக்காவுக்கு ஏற்றுமதி ஆகும் சரக்கில் நாட்டின் பெயர் வேண்டும் என்ற விதி அப்போதுதான் வந்தது. சார்குமீன் முத்திரையோடு திகுவான் என்ற பெயரும் சேர்ந்திருந்தால், 1871ல் சார்குமீன் இருக்கும் லொரேன் பகுதி ஜெர்மனி கைக்குப் போன பிறகு எல்லைக்கு இந்தப் பக்கம் எழுப்பிய ஆலை அது. அதை 1850 என்று சொல்லி விற்க வந்தால் கதை. கிரெய் ஆலையும் மோந்தரோ ஆலையும் 1840ல்தான் ஒன்றாயின, இரண்டு பெயரும் சேர்ந்திருந்தால் அதற்கு முந்தியது இல்லை. கெம்பேர் ஊர்த் தட்டில் எச்.ஆர். என்ற எழுத்து மட்டும் இருந்தால் 1922க்கு முந்தியது, ஆந்திரியோ என்று முழுப் பெயர் இருந்தால் அதற்குப் பிந்தியது. அதே ஊரின் எச்.பி. ஆலை தன் எழுத்து போலவே இருக்கிறது என்று வழக்குப் போட்டதால் வந்த மாற்றம் இது. ழியான் ஆலை 1821லிருந்து இன்றுவரை நடக்கிறது, எந்த முத்திரை எந்த ஆண்டு என்ற அட்டவணை இணையத்தில் சுலபமாகக் கிடைக்கும்.

6. ஏல விவரத்தை வரி வரியாகப் படியுங்கள்

நான் வழுக்கி விழுந்த இடம் இது. பிரான்சில் 1981 மார்ச் 3 தேதியிட்ட அரசாணை ஒன்று இருக்கிறது, பழம்பொருள் விற்கும்போது எந்தச் சொல் எதற்கு உத்தரவாதம் என்று அது சொல்கிறது. "எபோக்" என்று எழுதி ஒரு காலத்தைச் சொன்னால் அந்தக் காலத்துப் பொருள் என்று விற்கிறவர் பொறுப்பேற்கிறார். நூற்றாண்டைக் குறிப்பிட்டாலும் அப்படியே. "அத்ரிபுவே ஆ" என்றால் அவர் செய்தது என்று நம்ப வலுவான காரணம் உண்டு, ஆனால் உறுதி இல்லை. "ஸ்தீல்", "ழான்ர்", "தான் ல கூ த", "தாப்ரே" என்று வந்தால் எந்த உத்தரவாதமும் இல்லை. அந்தச் சாயலில் செய்தது, அவ்வளவுதான். என் தட்டு "தான் ல கூ த மூஸ்தியே". அதில் மூஸ்தியே என்ற ஒரு சொல் மட்டும்தான் அன்றைக்கு என் கண்ணில் பட்டது.

அதே வரியின் கடைசியில் குறைகளைச் சுருக்கமாகப் போட்டிருப்பார்கள். ஃபெலூர் என்றால் விரிசல், ஷவ அல்லது ஷவே என்றால் மயிரிழை விரிசல், எக்லா என்றால் சில்லு, எக்ரெனூர் என்றால் விளிம்பில் பொடிச் சில்லுகள், சோ தெமாய் என்றால் பூச்சு பெயர்ந்த இடம், ரெஸ்தோராசியோன் என்றால் பழுது பார்த்தது. ஒன்றுமே எழுதவில்லை என்றால் குறையே இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், பல இடங்களில் கேட்டால்தான் நிலை அறிக்கை அனுப்புவார்கள். ஏலத்துக்கு இரண்டு நாள் முன்பே மின்னஞ்சலில் கேளுங்கள், பின்பக்கப் படமும் விளிம்பின் படமும் சேர்த்துக் கேளுங்கள். அன்று காலை கேட்டால் யாருக்கும் நேரம் இருக்காது.

7. உண்மையான விலையைக் கணக்குப் போடுங்கள்

சுத்தியல் விழும் விலை உங்கள் விலை இல்லை. என் தட்டின் கணக்கு இதோ: ஏல விலை 120. ஏல நிறுவனத்தின் கமிஷன் வரியோடு 28 சதவீதம், 33.60. இணையத்தில் நேரலையாகக் கேட்டதற்குத் தளத்தின் கட்டணம் 3.6 சதவீதம், 4.32. பொட்டலம் கட்டி அனுப்ப 38. மொத்தம் 195.92.

கமிஷன் இடத்துக்கு இடம் மாறும், வழக்கமாக 25இலிருந்து 30 சதவீதத்துக்குள். நீதிமன்ற உத்தரவின் பேரில் நடக்கும் ஏலங்களில் மட்டும் இது ஏறத்தாழ 14 சதவீதம், பட்டியலில் "ழூதிசியேர்" என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். நேரில் போய்க் கை தூக்கினாலோ, அதிகபட்சத் தொகையை முன்கூட்டியே எழுதிக் கொடுத்தாலோ பெரும்பாலும் தளத்தின் கட்டணம் மிச்சம். நான் இப்போது செய்வது: கையில் இருக்கும் பணம் இருநூறு என்றால் நூற்று இருபத்தைந்துக்கு மேல் கை தூக்குவதில்லை. ஏலக்கூடத்தில் உட்கார்ந்து சதவீதம் கணக்குப் போட முடியாது, ரத்தம் தலைக்கு ஏறியிருக்கும்.

இன்னொன்று. இணையத்தில் கடைக்காரரிடம் வாங்கினால் 14 நாளுக்குள் திருப்பலாம் என்ற விதி உண்டே, பொது ஏலத்துக்கு அது கிடையாது. வாங்கியது வாங்கியதுதான். பணம் கட்டாமல் நழுவினால் பொருளை மறுபடி ஏலம் விட்டு நஷ்டத்தை உங்களிடம் கேட்கலாம், கட்டாதவர் பட்டியலையும் ஏல நிறுவனங்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கின்றன. விவரத்தில் சொன்னதற்கும் பொருளுக்கும் சம்பந்தமே இல்லை என்று பிற்பாடு தெரிந்தால் ஏல நிறுவனத்தின் மேல் வழக்குப் போட ஏலநாளிலிருந்து ஐந்து வருடம் அவகாசம். "தான் ல கூ த" என்று எழுதியிருந்தால் அந்தக் கதவும் மூடியதுதான்.

8. பதிவு, பணம், எடுத்து வருவது

இணைய ஏலத்தில் கலந்துகொள்ள அடையாள அட்டையும் வங்கி அட்டையும் கேட்பார்கள். முதல் முறை என்றால் இரண்டு நாள் முன்பே பதிவு செய்யுங்கள், ஏலம் தொடங்கிய பிறகு ஒப்புதலுக்குக் காத்திருப்பது மாதிரி அவஸ்தை வேறில்லை. பிரான்சில் வரி கட்டுகிறவர் தொழில்முறை விற்பனையாளரிடம் ரொக்கமாக 1000 யூரோ வரைதான் கொடுக்கலாம், வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கு வரம்பு 15,000.

பணம் வந்த பிறகுதான் தட்டு கைக்கு வரும். எத்தனை நாள் இலவசமாக வைத்திருப்பார்கள் என்று ஏலத்துக்கு முன்பே கேளுங்கள். சில இடங்களில் மறுநாள் காலைக்குள் எடுக்காவிட்டால் கிடங்குக் கட்டணம் ஓட ஆரம்பிக்கும், முப்பது யூரோத் தட்டுக்கு அது தாங்காது. தபாலில் வர இரண்டு மூன்று வாரம் வைத்துக்கொள்ளுங்கள். காப்பீடு உண்டு என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், உடையும் பொருளுக்கும் அது பொருந்துமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நேரில் எடுக்க முடிந்தால் அதுதான் உத்தமம். ஒரு பழைய கம்பளித் துண்டும் உறுதியான பையும் போதும், தட்டுகளைப் படுக்க வைக்காமல் செங்குத்தாக நிறுத்திக் கொண்டுவாருங்கள்.

பிரிட்டனில் நடக்கும் ஏலங்களில் பிரெஞ்சு ஃபயான்ஸ் நிறைய வருகிறது, விலையும் சில சமயம் குறைவு. ஆனால் பிரான்சுக்குள் கொண்டுவர இறக்குமதி வரி கட்ட வேண்டும்: நூறு வயதுக்கு மேல் என்றால் 5.5 சதவீதம், இல்லையென்றால் 20. கூரியர்காரர் யோசிக்காமல் இருபதைப் போட்டுவிடுவார். "நூறு ஆண்டுக்கு மேற்பட்டது" என்று விற்றவர் எழுதிக் கொடுத்த ரசீது பொட்டலத்தின் வெளிப்பக்கத்திலேயே இருக்கும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பின்னால் திரும்ப வாங்குவதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

9. எந்தத் தாளைப் பத்திரப்படுத்துவது

ஏலம் முடிந்ததும் தரும் "போர்தரோ" என்ற ரசீதுதான் தட்டின் ஜாதகம். தேதி, விலை, விவர வரி மூன்றும் அதில் இருக்கும். கூடவே ஏலப் பட்டியலின் அந்தப் பக்கத்தைச் சேமியுங்கள், இணையப் பக்கம் ஒரு நாள் காணாமல் போகும். கடையில் வாங்கினால் வெறும் "அலங்காரத் தட்டு" என்று எழுதித் தருவார்கள், ஏற்காதீர்கள். ஊர், காலம், குறைகள் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் ஏன் மறுக்கிறார் என்று யோசியுங்கள்.

தாள் எதற்கு? ஒன்று, வீட்டுக் காப்பீடு. திருட்டோ தீயோ வந்தால் ரசீதும் படமும் இல்லாமல் ஒன்றும் கிடைக்காது. இரண்டு, விற்கும்போது. 5000 யூரோவுக்கு மேல் விற்றால் விலையில் 6.5 சதவீதம் வரி. தனித்தட்டு அந்த அளவுக்குப் போவது அபூர்வம், முழு விருந்து செட் போகலாம். எப்போது எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்று காட்ட முடிந்தால் லாபத்துக்கு மட்டும் வரி கட்டும் முறையைத் தேர்ந்தெடுக்கலாம், 22 வருடம் வைத்திருந்தால் அதுவும் இல்லை. ரசீதைத் தொலைத்தவருக்கு இந்த வழி கிடையாது.

நாட்டைவிட்டு எடுத்துப்போக அரசாங்கச் சான்றிதழ் வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். நம் கைக்கு எட்டும் தட்டுகளுக்கு வேண்டாம், பல பத்தாயிரம் யூரோ மதிப்புள்ளவற்றுக்குத்தான் அந்தப் பேச்சு. ஆனால் மண்ணைத் தோண்டி எடுத்த பழைய பாத்திரம் என்று யாராவது சொன்னால் தொடாதீர்கள், அகழ்வுப் பொருளுக்கு விலை வரம்பே பார்க்கமாட்டார்கள்.

10. வீட்டுக்கு வந்த பிறகு

ஊற வைக்காதீர்கள். விரிசல் வழியாகத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கினால் மஞ்சள் கறை மேலே வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். ஜாவெல் எனப்படும் வெளுப்புத் திரவம் பக்கமே போகக்கூடாது. உப்பு உள்ளே தங்கிப் படிகமாகி, மாதக்கணக்கில் பூச்சைச் செதிள் செதிளாகத் தள்ளிவிடும். பாத்திரம் கழுவும் இயந்திரமும் மைக்ரோவேவும் கூடவே கூடாது.

இதில் சாப்பிடலாமா என்றால், கூடாது. இந்தக் கண்ணாடிப் பூச்சில் ஈயம் இருக்கிறது, புளிப்பு பட்டால் உணவில் இறங்கும். எலுமிச்சை, தக்காளி, நம் புளிக்குழம்பு எல்லாம் அதற்கு எமன். உரிக்காத வாழைப்பழமோ காகிதத்தில் சுற்றிய இனிப்போ வைக்கலாம், அவ்வளவுதான்.

சுவரில் மாட்ட ஸ்பிரிங் கம்பிக் கொக்கி விற்கும். தட்டைவிடச் சின்ன அளவு வாங்கி இழுத்து மாட்டினால் விளிம்புச் சில்லைக் கவ்விப் பெயர்த்துவிடும், விரிசல் இருந்தால் நீளும். தளர்வாக உட்காரும் அளவு வாங்கி, நான்கு கொக்கி முனையிலும் சைக்கிள் ட்யூப் துண்டு மாட்டுங்கள். அடுக்கி வைப்பவர்கள் இரண்டு தட்டுக்கு நடுவே ஃபெல்ட் துணி வட்டமாக வெட்டிப் போடுங்கள், ஆறுக்கு மேல் அடுக்காதீர்கள்.

அந்த 195 யூரோ 92 சென்ட் தட்டு இப்போது என் சமையலறையில் கதவுக்கு மேலே தொங்குகிறது. பின்பக்கத்தைச் சுவர் பார்த்துக்கொள்கிறது. அதன் போர்தரோ தாளை மடித்துத் தட்டுக்கும் சுவருக்கும் நடுவில் செருகி வைத்திருக்கிறேன்.